கலங்கிய நீச்சல் குளத்தைத் தெளிய வைப்பது எப்படி: காவிரி டெல்டா வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

திருவையாற்றுக்கும் கும்பகோணத்துக்கும் இடையே உள்ள எங்கள் தோப்பு வீட்டில், கோடை விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்காக 20 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட ஒரு சிறிய நீச்சல் குளத்தைக் கட்டினோம். கட்டிய முதல் ஆண்டு மே மாதத்தில் அதன் தண்ணீர் அரிசி களைந்த கழுநீரைப் போல வெளுத்துக் கலங்கியது. பராமரிப்புக்கு வந்தவர் ஒரு பை பிளீச்சிங் பவுடரை அப்படியே கொட்டிவிட்டு, இரண்டு நாளில் தெளிந்துவிடும் என்று சொல்லிச் சென்றார். தெளியவில்லை, ஒன்பது நாள் அப்படியே கிடந்தது. அந்த ஒன்பது நாளில் என் நினைவை விட்டு அகலாதது இரண்டாம் நாள் மாலைதான். ஏழு வயதுப் பேரன் முங்கிய பிறகு எந்தப் பக்கம் எழுவான் என்று தெரியாமல் கரையில் நின்ற சில நொடிகளில், நாலடித் தண்ணீருக்குள் பிள்ளை இருக்கும் இடம் என் கண்ணுக்குப் புலப்படவில்லை. அதன் பிறகுதான் தண்ணீர் ஏன் கலங்குகிறது, எதனால் தெளிகிறது என்பதை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன்.

கற்றதில் முதன்மையானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலங்கல் ஒரே நோயன்று. வண்டல், சுண்ணாம்பு, பாசி, இரும்பு, எண்ணெய், காற்று ஆகிய ஆறும் தண்ணீரைக் கலக்கும்; ஒன்றுக்கு உரிய மருந்து இன்னொன்றைப் பெருக்கிவிடும். எங்கள் குளத்தில் கொட்டப்பட்ட பிளீச்சிங் பவுடர் அப்படித்தான் பெருக்கியது. எனவே காரணத்தைக் கண்டறியும் வரை குளத்தில் எதையும் கொட்டக் கூடாது.

முதல் படி: குளத்தை மூடுங்கள்

குளத்தின் ஆழமான பகுதியில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போடுங்கள். கரையில் நின்று பார்க்கும்போது அது பூவா தலையா என்று சொல்ல முடிந்தால் தண்ணீர் நல்ல தெளிவில் இருக்கிறது. நாணயம் கிடக்கும் இடம் மட்டும் தெரிந்தால் கலங்கல் தொடங்கிவிட்டது. அடித்தளத்தில் உள்ள வடிகால் மூடியே கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், நீச்சல் தெரிந்தவர் உட்பட ஒருவரும் இறங்கக் கூடாது. கலங்கிய தண்ணீரில் மூழ்கிய ஒருவரைக் கரையில் இருப்பவர் காண முடியாது. கிருமி, தோல் அரிப்பு போன்றவை எல்லாம் இதற்கு அடுத்த கவலைகளே. பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் தெளியும் வரை கதவைப் பூட்டி வைப்பதே சரி.

இரண்டாம் படி: ஒரு பாட்டில் தண்ணீரில் காரணத்தைத் தேடுங்கள்

முழங்கை ஆழத்தில் கையை விட்டு, நிறமற்ற ஒரு லிட்டர் கண்ணாடிப் பாட்டிலில் குளத்து நீரை நிரப்பி, வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளுக்கு முன்னால் வையுங்கள். முதல் ஐந்து நிமிடம் அதைவிட்டு நகர வேண்டாம். பனிமூட்டம் போன்ற வெண்மை அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்துகொண்டே வந்து சில நிமிடங்களில் மறைந்தால், அது நுண்ணிய காற்றுக் குமிழ்களால் ஆன கலங்கல். மோட்டாரின் உறிஞ்சு குழாயில் எங்கோ காற்று நுழைகிறது என்று பொருள். மோட்டாரின் முன்னால் உள்ள வடிகூடையின் மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைத் துடைத்து, கொஞ்சம் சிலிகான் கிரீஸ் தடவி மூடினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மருந்துச் செலவே இல்லை.

காற்று இல்லையென்றால், அந்தப் பாட்டிலிலிருந்து அரை டம்ளர் எடுத்து, அதில் ஒரு தேக்கரண்டி வினிகரை விட்டுக் கலக்குங்கள். வெண்மை சட்டென்று கரைந்து தெளிந்தால் கலங்கலுக்குக் காரணம் சுண்ணாம்பு. அதாவது கால்சியம் கார்பனேட் துகள்கள். போர் தண்ணீரில் நிரப்பிய குளங்களில் இதுவே மிகுதியாக வரும். கடினத்தன்மை மிகுந்த தண்ணீரில் பிஎச் அளவு (தண்ணீர் அமிலப் பக்கமா காரப் பக்கமா என்று காட்டும் எண்) ஏறியவுடன், கரைந்திருந்த கால்சியம் திரிந்து வெண்மையாக வெளியே வந்துவிடுகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைச் செதிலும் இதே பொருள்தான்.

வினிகருக்கு மசியாவிட்டால் பாட்டிலை ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் அடியில் சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில் மெல்லிய படலம் படிந்து மேல்நீர் தெளிந்திருந்தால் அது வண்டல் அல்லது தூசு. தை மாதத்தில் சம்பா அறுவடை நடக்கும்போது அறுவடை இயந்திரம் கிளப்பும் வைக்கோல் தூசு, பக்கத்து வயலில் இருந்து காற்றில் வந்து ஒரே நாளில் குளத்தை மூடிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மாறாக, எதுவும் படியாமல் தண்ணீர் மங்கலான இளம்பச்சையாக நின்றால், குளத்தின் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் பாசி தொடங்கிவிட்டது. கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவதற்குப் பல நாள் முன்பே அது தண்ணீரை மங்க வைத்துவிடும்.

மீதி இரண்டையும் கண்டுபிடிப்பது எளிது. குளோரின் போட்ட அரை மணி நேரத்தில் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறினால் இரும்பு. நீர்மட்டக் கோட்டில் டைல்ஸைச் சுற்றிலும் பிசுக்கு வளையம் இருந்து, மேற்பரப்பில் வெயில் படும்போது வானவில் நிறம் மின்னினால் எண்ணெய். நம் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில், சீயக்காயைச் சரியாகத் தேய்க்காமல் பிள்ளைகள் நேராகக் குளத்தில் குதிப்பதுண்டு. நாலு பேர் தலையில் இருக்கும் நல்லெண்ணெய் ஒரு சிறிய குளத்தின் ஃபில்டர் மணலைப் பிசுபிசுப்பாக்கப் போதுமானது.

மூன்றாம் படி: அளந்துகொள்ளுங்கள்

குளத்தின் கொள்ளளவு தெரியாமல் எந்த மருந்தின் அளவையும் சொல்ல முடியாது. நீளம், அகலம், சராசரி ஆழம் ஆகிய மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வரும் எண்ணை 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். எங்கள் குளத்தில் ஒரு முனை 3 அடி, மறுமுனை 5 அடி. சராசரி 4 அடி. 20 × 10 × 4 என்றால் 800 கன அடி. லிட்டரில் ஏறத்தாழ 22,600. இந்த வழிகாட்டியில் வரும் அளவுகள் எல்லாம் இந்தக் குளத்துக்கானவை. உங்கள் குளம் இதில் பாதி என்றால் மருந்தும் பாதி.

அடுத்தது பரிசோதனைப் பெட்டி. மஞ்சள் நிறம் காட்டும் மலிவான சொட்டு மருந்து, தண்ணீரில் உள்ள மொத்தக் குளோரினை மட்டுமே காட்டும். அதில் எவ்வளவு வேலை செய்யும் நிலையில் இருக்கிறது, எவ்வளவு அழுக்கோடு சேர்ந்து செயலிழந்து கிடக்கிறது என்பது தெரியாது. இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி முறைப் பெட்டி இரண்டையும் பிரித்துக் காட்டும். விலை கூடுதல்தான், ஆனாலும் அதையே வாங்குங்கள். இருக்க வேண்டிய அளவுகள் இவை: பிஎச் 7.2 முதல் 7.6 வரை, கட்டற்ற குளோரின் (அழுக்கோடு சேராமல் வேலை செய்யும் நிலையில் இருப்பது) 1 முதல் 3 பிபிஎம், காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம், கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400 பிபிஎம், சயனூரிக் அமிலம் (வெயிலில் குளோரின் அழியாமல் காப்பது) 30 முதல் 50 பிபிஎம். பிபிஎம் என்பது ஒரு லிட்டரில் இத்தனை மில்லிகிராம் என்பதைக் குறிக்கும் அளவு. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருப்பதால் அங்கே கடினத்தன்மை இந்த எல்லைக்கு மேல் போவது இயல்பு. அவ்வாறானால் பிஎச் அளவை 7.2 அருகிலேயே வைத்திருந்தால் சுண்ணாம்பு திரியாது.

நான்காம் படி: ஃபில்டரைச் சரிபாருங்கள்

தண்ணீரில் மிதக்கும் துகளைக் குளத்திலிருந்து வெளியே எடுப்பது ஃபில்டர் மட்டுமே. குளோரின் கிருமியையும் பாசியையும் கொல்லும். செத்த பாசி துகளாக மிதந்துகொண்டேதான் இருக்கும். நான் பார்த்த கலங்கிய குளங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் குறை மருந்தில் இல்லை, ஃபில்டரில்தான் இருந்தது.

மணல் ஃபில்டரின் தலையில் ஓர் அழுத்தமானி இருக்கும். மணலைக் கழுவிய மறுநாள் அது காட்டும் எண்ணை ஃபில்டரின் மேலேயே பெயின்ட்டால் எழுதி வையுங்கள். அந்த எண்ணிலிருந்து 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் ஓட்டி மணலைக் கழுவுவது, செய்ய வேண்டும். மோட்டாரை நிறுத்திய பிறகே வால்வின் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்து, அழுக்குத் தண்ணீர் ஃபில்டர் ஆகாமலேயே குளத்துக்குத் திரும்பும். பேக்வாஷில் இரண்டு மூன்று நிமிடம், பார்வைக் கண்ணாடியில் தண்ணீர் தெளியும் வரை ஓடவிட்டு, நிறுத்தி, ரின்ஸ் நிலையில் அரை நிமிடம் ஓட்டி, மறுபடியும் நிறுத்தி ஃபில்டர் நிலைக்கு வாருங்கள். ரின்ஸ் செய்யாமல் விட்டால், கிளறப்பட்ட அழுக்கு குளத்துக்கே வந்து, பேக்வாஷ் செய்ததால்தான் கலங்கியது என்று நினைக்க வைத்துவிடும்.

அழுத்தம் ஏறவே இல்லை, தண்ணீரும் தெளியவில்லை என்றால் மணலைச் சந்தேகிக்க வேண்டும். மூடியைத் திறந்து கையை விட்டுப் பாருங்கள். மணல் பொலபொலவென்று விரலிடுக்கில் உதிர வேண்டும். கட்டி கட்டியாக இறுகியிருந்தாலோ, நடுவில் எலிவளை போலக் குழி விழுந்திருந்தாலோ, தண்ணீர் அந்த வழியே புகுந்து வடிகட்டப்படாமல் திரும்புகிறது. ஐந்து முதல் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மணலை மாற்றுவது நல்லது. மாற்றும்போது சிலர், ஆறு பக்கத்தில் இருக்கிறதே என்று ஆற்று மணலைச் சலித்துப் போட்டுவிடுகிறார்கள். ஆற்று மணலில் பொடியும் பருக்கையும் கலந்திருக்கும். பொடி அடைத்துக்கொள்ளும், பருக்கை அழுக்கை விட்டுவிடும். 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர் அளவில் தரம் பிரித்த சிலிக்கா மணலையே கேட்டு வாங்குங்கள்.

ஓட்ட வேண்டிய நேரத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. மணிக்கு 6,000 லிட்டர் தள்ளும் மோட்டார் 22,600 லிட்டர் குளத்தை ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றும். ஆனால் வடிகட்டிய தண்ணீர் கலங்கிய தண்ணீரோடு கலந்துகொண்டே இருப்பதால், ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான தண்ணீர் ஃபில்டரைத் தொடாமலேயே நின்றுவிடும். மூன்று சுற்றுக்குப் பிறகுதான் அது 5 சதவீதத்துக்கு இறங்கும். ஆகவே கலங்கல் தீரும் வரை இரவும் பகலும் ஓட்டுவதே வழி. மின்வெட்டு இருந்தால் அந்த நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும் இடம் இது. மோட்டார் இணைப்பில் எர்த்தும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் இல்லையென்றால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் மின் பணியாளரை அழையுங்கள்.

ஐந்தாம் படி: பிஎச் அளவை இறக்குங்கள்

குளோரினுக்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பிஎச் 7.5 இல் குளோரினின் பாதிப் பங்கு வீரியமான வடிவில் இருக்கும். 8 ஐத் தொட்டால் அது கால் பங்குக்கும் குறைந்துவிடும். அதாவது போட்ட மருந்தில் முக்கால் பங்கு சோம்பிக் கிடக்கும். இரண்டாவது, குளோரின் 10 பிபிஎம் அளவுக்கு ஏறிய பிறகு பிஎச் சோதனையின் நிறமே தவறாகக் காட்டும்.

எங்கள் அளவுள்ள குளத்தில் பிஎச் 8 இருந்தால், கடையில் கிடைக்கும் 30 சதவீத வீரியமுள்ள ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 250 மில்லியில் தொடங்குங்கள். ஒரு வாளி நிறையத் தண்ணீர் எடுத்து, அதில் ஆசிட்டை மெல்ல ஊற்றுங்கள். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று, மோட்டார் ஓடும்போது ஆழமான பகுதியில் பரவலாக ஊற்றி, நாலு மணி நேரம் கழித்து மறுபடி சோதியுங்கள். போர் தண்ணீரில் காரத்தன்மை கூடுதலாக இருந்தால் இன்னொரு 250 மில்லி தேவைப்படும். ஒரே தடவையில் லிட்டர் கணக்கில் ஊற்றினால் சிமெண்ட் இணைப்புகளை அரித்துவிடும். சுண்ணாம்புக் கலங்கலுக்கு இதுவே முழு மருந்து. பிஎச் 7.2 இல் நின்று ஃபில்டர் இரண்டு நாள் ஓடினால் வெண்மை தானாகவே குறைந்து மறையும்.

ஆறாம் படி: குளோரின்

கடையில் நாலு வகை கிடைக்கும். பிளீச்சிங் பவுடரில் ஏறத்தாழ 30 சதவீதக் குளோரின்; மீதியில் பெரும்பங்கு சுண்ணாம்பு. 65 சதவீதக் குருணை, கால்சியம் ஹைப்போகுளோரைட். 10 சதவீதத் திரவம், சோடியம் ஹைப்போகுளோரைட். டிசிசிஏ 90 என்று விற்கும் மாத்திரை. முதல் மூன்றும் பிஎச் அளவை ஏற்றும் தன்மையுடையவை. மாத்திரை அதை இறக்கும், கூடவே சயனூரிக் அமிலத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். மாத்திரையால் 10 பிபிஎம் குளோரின் சேரும்போது 6 பிபிஎம் சயனூரிக் அமிலமும் சேருகிறது. வெயிலில் குளோரின் அழியாமல் காப்பது அந்த அமிலம்தான் என்றாலும், 100 பிபிஎம் தாண்டிவிட்டால் குளோரினின் கையைக் கட்டிப் போட்டுவிடும். ஆண்டு முழுவதும் மாத்திரை மட்டுமே போட்ட குளத்தில், சோதனையில் குளோரின் நன்றாகத் தெரிந்தும் தண்ணீர் மங்கிக்கொண்டே இருப்பது இதனால்தான். பாதித் தண்ணீரை மாற்றுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

பாசியோ அழுகிய இலைச் சத்தோ கலங்கலுக்குக் காரணம் என்றால் குளோரினை 10 பிபிஎம் வரை ஏற்ற வேண்டும். எங்கள் குளத்துக்கு அது குருணையில் 350 கிராம், திரவத்தில் இரண்டே கால் லிட்டர், பிளீச்சிங் பவுடரில் 750 கிராம். சயனூரிக் அமிலம் 50 பிபிஎம் இருந்தால் இதை இரட்டிப்பாக்க வேண்டும். சூரியன் மறைந்த பிறகு போடுங்கள். அந்த அமிலம் இல்லாத குளத்தில் பகல் வெயில் சில மணி நேரத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

பிளீச்சிங் பவுடர்தான் கிடைக்கிறது என்றால் அதைப் பயன்படுத்தும் முறையை எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர். என் வெளுத்த குளத்தைப் பார்த்துவிட்டு, “ஐயா, தெளிவ மட்டும் ஊத்துங்க, கசட மண்ணுல புதைச்சிடுங்க. நாங்க குடிதண்ணி டேங்க்குக்கே அப்படித்தான் செய்யறோம்” என்றார். பவுடரை ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கரைத்து, ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால், சுண்ணாம்பு அடியில் தடித்துப் படிந்து, மேலே இளமஞ்சள் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். குளோரின் அந்தத் தெளிந்த நீரில்தான் இருக்கிறது. அதைக் கலங்காமல் சாய்த்து குளத்தில் ஊற்ற வேண்டும். அந்த முதல் ஆண்டில் ஒரு பைச் சுண்ணாம்பும் எங்கள் குளத்துக்குள் போனது, இந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டதால்தான். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் திறந்து வைத்த பவுடர் வீரியம் இழந்துவிடும்; சிறு பைகளாக வாங்குங்கள்.

குளோரின் போட்ட இரவில் சுவர்களையும் மூலைகளையும் தூரிகையால் தேய்த்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் குளோரின் அளவைச் சோதித்து எழுதுங்கள். விடிவதற்கு முன் எழுந்து மறுபடி சோதியுங்கள். இரவில் வெயில் இல்லை. ஆகவே குறைந்த குளோரின் எல்லாம் அழுக்கும் பாசியும் தின்றது. குறைவு 1 பிபிஎம் அளவுக்குள் இருந்தால் தண்ணீரில் உயிர் எதுவும் மிச்சமில்லை, இனி ஃபில்டரின் வேலை மட்டுமே பாக்கி. அதற்கு மேல் குறைந்திருந்தால் அன்று மாலை மீண்டும் 10 பிபிஎம் ஏற்ற வேண்டும். எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான சோதனை வீட்டில் செய்யக் கூடியது இல்லை.

வயலை ஒட்டிய குளங்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. மேலுரம் இடும் நாளில் கையால் வீசும் யூரியா காற்றோடு வந்து விழுந்தாலோ, கனமழையில் வயல்நீர் வழிந்து குளத்துக்குள் வந்தாலோ, அதிலிருந்து பிறக்கும் அமோனியா குளோரினைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பங்கு அமோனியா நைட்ரஜனைத் தீர்க்க எட்டு முதல் பத்துப் பங்கு குளோரின் செலவாகும். மொத்தக் குளோரின் அளவு கட்டற்ற குளோரினைவிட 0.5 பிபிஎம் கூடுதலாக இருந்து, கண் எரியும் மருந்து வாடையும் வீசினால், அந்த வித்தியாசத்தைப் போலப் பத்து மடங்கு குளோரின் சேர்க்க வேண்டும். வாடை அடிக்கிறதே, குளோரின் கூடிவிட்டது என்று நிறுத்துவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. குளத்தின் விளிம்பைத் தரையிலிருந்து அரை அடியாவது உயர்த்திக் கட்டியிருந்தால் வயல்நீர் நுழையாது.

இரண்டு கட்டளைகளை மீறவே கூடாது. ஆசிட்டையும் குளோரினையும் ஒரே நேரத்தில், ஒரே வாளியில், ஒரே அலமாரியில் வைத்துப் புழங்கக் கூடாது. சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். டிசிசிஏ மாத்திரையையும் பிளீச்சிங் பவுடர் அல்லது குருணையையும் கலக்கக் கூடாது. ஒன்றை அள்ளிய கரண்டியை மற்றதில் விட்டால்கூடத் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும்.

ஏழாம் படி: படிய வைப்பது

ஃபில்டர் மூன்று நாள் ஓடியும் மெல்லிய மூட்டம் போகவில்லை என்றால், மிதக்கும் துகள்கள் மணல் பிடிக்க முடியாத அளவுக்கு நுண்ணியவை. அவற்றை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துக் கீழே படிய வைக்க வேண்டும். ஆற்றுத் தண்ணீரைக் குடித்த காலத்தில் மண்பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்து, செந்நீரைத் தெளிய வைத்த நம் வீட்டுப் பெரியவர்கள் செய்ததும் இதே வேலைதான். குளத்தின் அளவுக்குத் தேத்தாங்கொட்டை கட்டுப்படியாகாது, படிகாரம் வேண்டும். பழுப்பாக இருக்கும் படிகாரக் கட்டியில் இரும்பு கலந்திருக்கும் என்பதால், தண்ணீர்ச் சுத்திகரிப்புக்கென்று விற்கும் இரும்பில்லாத வெள்ளை அலுமினியம் சல்பேட்டைக் கேளுங்கள்.

எவ்வளவு போட வேண்டும் என்பதைக் குளத்தில் சோதிக்காமல் வாளியில் சோதிக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் படிகாரத்தைக் கரையுங்கள். மூன்று வாளிகளில் பத்துப் பத்து லிட்டர் குளத்துநீர் எடுத்து, முதல் வாளியில் அந்தக் கரைசல் 20 மில்லி, இரண்டாவதில் 30, மூன்றாவதில் 40 விடுங்கள். ஒரு நிமிடம் வேகமாகவும் பத்து நிமிடம் மிக மெல்லவும் துடுப்பால் கலக்கிவிட்டு உட்கார்ந்து பாருங்கள். முதலில் எதுவும் நடக்காதது போல இருக்கும். பிறகு தண்ணீருக்குள் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள் தோன்றி, ஒன்றையொன்று இழுத்து, இலவம்பஞ்சுத் துணுக்குகள் போலத் திரண்டு, மெல்ல மெல்ல அடியில் இறங்கும். எந்த வாளி குறைந்த படிகாரத்தில் நன்றாகத் தெளிந்ததோ அதுவே உங்கள் அளவு. அந்த மில்லி எண்ணே ஒரு லிட்டர் குளத்துநீருக்கு வேண்டிய மில்லிகிராம். 30 மில்லி வாளி தெளிந்திருந்தால் எங்கள் குளத்துக்கு 680 கிராம்.

குளத்தில் செய்வதற்கு முன் நீர்மட்டத்தை விளிம்பு வரை ஏற்றிக்கொள்ளுங்கள், ஏனெனில் கடைசியில் நாலு அங்குலத் தண்ணீர் வெளியே போகும். பிஎச் 7.2 முதல் 7.5 வரை இருக்கட்டும். வால்வை ஃபில்டரைத் தவிர்த்துச் சுற்றும் நிலையில் வைத்து, கரைத்த படிகாரத்தைச் சுற்றிலும் ஊற்றி, ஒரு மணி நேரம் ஓட்டி, மோட்டாரை நிறுத்திவிடுங்கள். ஃபில்டர் நிலையில் ஓட்டினால் பஞ்சுத் திரள் மணலை அடைத்துவிடும். இரவு முழுவதும் ஒருவரும் தண்ணீரைத் தொடக் கூடாது. காலையில் தரையில் சாம்பல் நிறப் போர்வை விரித்தது போலப் படிந்திருக்கும். வாக்குவம் குழாயைப் பொருத்தி, வால்வை வேஸ்ட் நிலையில் (தண்ணீர் ஃபில்டருக்குப் போகாமல் வெளியேறும் நிலை) வைத்து, அந்தப் போர்வையைக் கிளப்பாமல், நடவு வயலில் நாற்றின் ஊடே நடப்பது போல மெதுவாக இழுத்தபடி உறிஞ்சுங்கள். வேகமாக இழுத்தால் எல்லாம் எழும்பி, இன்னொரு இரவு காத்திருக்க வேண்டும். படிகாரம் காரத்தன்மையை 10 முதல் 15 பிபிஎம் வரை குறைக்கும். அது 80 பிபிஎம் அளவுக்குக் கீழே போயிருந்தால் சமையல் சோடா 380 கிராம் போட்டால் எங்கள் குளத்தில் 10 பிபிஎம் ஏறும்.

நிரப்பும் தண்ணீரும் பருவமும்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 ஆம் தேதி திறக்கப்பட்டு, சில நாட்களில் கல்லணை வழியாக வாய்க்கால்களுக்குத் தண்ணீர் வரும்போது, அதை மோட்டார் வைத்துக் குளத்துக்கு ஏற்றலாமே என்று தோன்றும். வேண்டாம். வயலுக்கு உயிரான வண்டலும் சத்தும் குளத்துக்குப் பாசியாகவும் நத்தையாகவும் மாறும். போர் தண்ணீரையே நிரப்புங்கள்; ஆனால் முதலில் ஒரு வெள்ளை வாளியில் பிடித்து, ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடர் போட்டு அரை மணி நேரம் பாருங்கள். பழுப்பானால் இரும்பு உண்டு. குழாயடியில் சிவந்த கறை இருக்கும் வீடுகளில் இது உறுதி. அத்தகைய தண்ணீரை முதலில் ஒரு தரைத்தொட்டியில் பூவாளி போலத் தூவ விட்டு, காற்றுப்பட ஓர் இரவு வைத்து, மேல்நீரை மட்டும் குளத்துக்கு விடுவது நல்லது. ஏற்கெனவே இரும்பால் பழுப்பாகிவிட்ட குளத்துக்கு ஏழாம் படியே மருந்து.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது, தண்ணீர் கெட்டுவிட்டது என்று குளத்தை முழுவதுமாக இறைத்து விடாதீர்கள். அந்த மாதங்களில் டெல்டாவில் நிலத்தடி நீர் பல இடங்களில் கைக்கெட்டும் ஆழத்துக்கு ஏறிவிடுகிறது. வெற்றுக் குளத்தைக் கீழிருந்து அந்த நீர் தூக்கும். தரை வெடிக்கும், சில நேரங்களில் குளமே மேலெழும்பிவிடும். தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் இறைக்காமல், வற்றிய பங்குனி, சித்திரை வரை பொறுத்திருப்பது நல்லது.

வெளியேற்றும் தண்ணீரை வாய்க்காலில் விடக் கூடாது. குளோரின் மீனைக் கொல்லும். எங்கள் தோப்பில் ஆறடிக்கு நாலடி பள்ளம் ஒன்று தோண்டி, பேக்வாஷ் தண்ணீரையும் படிகாரக் கசட்டையும் அதில் விடுகிறோம். இரண்டு நாள் வெயிலில் குளோரின் போய்விடுகிறது. தெளிந்த நீர் மண்ணில் இறங்குகிறது. அடியில் உலர்ந்த படலத்தை ஆண்டுக்கு ஒருமுறை மண்வெட்டியால் வழித்து, செடி இல்லாத மேட்டில் கொட்டுகிறோம்.